எடை இல்லை

முதல் வாரம் பந்து.
வட்டம்தானே என்று
ஒரே மாலையில் முடித்து அனுப்பிவிட்டேன்.
விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது,
நிலாவில் யாரோ கை தவறவிட்ட மாதிரி.
என்சிக் ரஸ்லான் சிவப்பில், மலாயில்
இரண்டே சொல் எழுதியிருந்தார்:
எடை இல்லை.

இரண்டாவது வாரம் மாவு மூட்டை.
எடை இல்லை.
மூன்றாவது வாரம் ஒரு மனிதன்,
சுமையோடு நடக்க வேண்டும்.
வினாடிக்கு இருபத்து நாலு படம்.
அவன் நடந்தான் என்றா சொல்வது?
தரை அவனுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது,
அவன் சும்மா காலாட்டிக்கொண்டிருந்தான்.

பீடோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி என் அறை.
கீழே சிவநேசன் நட்டு கழற்றும் ஒவ்வொரு முறையும்
பேனா ஒரு நூல் தள்ளிப் போகும்.
மதியத்துக்கு மேல் ஆலை வாடை,
வேகும் செம்பனைப் பழத்தின் கனத்த வாடை,
ஜன்னலைச் சாத்தினாலும் வரும்.
மடிக்கணினி சூடேறினால்
துண்டில் சுற்றிய ஐஸ் பாக்கெட்டின் மேல் உட்கார வைப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையை வைப்பதுபோல.

வெங்காயத் தோல் என்று ஒரு வசதி இருக்கிறது.
முந்தின படம் பின்னால் சிவப்பாய் மங்கித் தெரியும்,
அடுத்தது பச்சையாய்.
நடுவில் இருக்கும் வெள்ளைதான் என் வேலை.
உரித்தால் கண்ணீர் வரும் என்ற பகடியை
வகுப்பில் எல்லாரும் ஆளுக்கொரு தடவை சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.
எனக்கு நாலாவது இரவுதான் வந்தது.

சம்பள நாள் சனிக்கிழமை,
லோரிகள் பழக்குலை சிந்திக்கொண்டே திரும்புகிற முச்சந்தி.
ஒட்டுக்கடையில் தே ஓ ஆறிக்கொண்டிருக்க
எதிரில் கேஸ் தோங் இறக்கிக்கொண்டிருந்தார் பரஞ்சோதி.
இதுவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.
அன்றுதான், தோங்கைப் பார்க்காமல்
தோங் இல்லாத பக்கத்தைப் பார்த்தேன்.

வெறும் தோங் என்றால் அந்தக் கை
சட்டைப்பையில் சில்லறை தேடும்.
நிறைந்தது என்றால்
விரல் விரித்துக் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.
தூக்குவதற்கு முன் ஆள் ஒரு சாண் கீழே போகிறார்.
மேலே போகிறவன் முதலில் கீழே போகிறான்,
இதை ஏன் யாரும் எனக்கு
(சொன்னார்கள். இரண்டாம் பாடம், ஐந்தாம் பக்கம்.
நான் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்.)

கைப்பேசியை எடுத்துப் பிடித்தேன்.
"என்னாம்மா, போலீஸ்ல குடுக்கப் போறியா?"
"இல்லண்ணே, பாடத்துக்கு."
"தோங் தூக்கறதுக்கெல்லாம் பாடமா?" என்றவர்
அதற்கப்புறம் நெஞ்சை நிமிர்த்தித் தூக்க ஆரம்பித்தார்,
விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி.
பயன்படவில்லை.
நல்லதெல்லாம் நான் கேட்பதற்கு முந்தைய
பதினோரு வினாடிக்குள் இருந்தது,
அது என் கண்ணில் மட்டும் இருந்தது.

எனவே கண்ணாடி முன்னால் நானே.
அரிசி மூட்டை, பத்துக் கிலோ.
எண்ணிக்கொண்டே தூக்கினேன், இறக்கினேன்,
கீழேயிருந்து சிவநேசன் கூரையைத் தட்டினான்.
அப்போதுதான் தெரிந்தது:
மூட்டையை வைத்த பிறகும்
உடம்பு கொஞ்ச நேரம் சாய்ந்தே நிற்கிறது.
சுமை போய்விட்ட செய்தி
தோளுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

அந்தத் தாமதத்துக்கு நாலு படம் போட்டேன்.
வினாடியில் ஆறில் ஒரு பங்கு.
விடியற்காலை மூன்று மணிக்கு ஓடவிட்டேன்.
என் ஆள் தோங்கை இறக்கினான்,
சாய்ந்தே நின்றான், பிறகு நிமிர்ந்தான்.
அறையில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது.
நான்தான்.

திங்கட்கிழமை சிவப்பில் வந்தது:
எடை இருக்கிறது.
அதற்குக் கீழேயே,
பதினேழாம் படத்தில் இடது கைக்கு ஆறு விரல்.

எண்ணிப் பார்த்தேன்.
ஆறுதான்.